கிக்கரில் கால் வைப்பதற்கு முன்

பல வருடம் அசையாமல் நின்ற பைக் ஒன்றைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: ஏறி உட்கார்ந்து கிக்கரை ஓங்கி ஒரு மிதி. சுற்றி நிற்பவர்களும் விடமாட்டார்கள். "சும்மா மிதிச்சுப் பாருங்க, ஒருவேளை ஸ்டார்ட் ஆனாலும் ஆகும்" என்பார்கள். ஆகாது. அதைவிட மோசம், நின்ற காலம் முழுக்க அந்த இன்ஜினுக்கு நேராத கேடு அந்த ஒரே மிதியில் நேர்ந்துவிடும்.

காரணம் இதுதான். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே அதைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும். ஒட்டிய ரிங்கை உடல் எடையால் பிய்த்தால், ரிங் உடையும், அல்லது துருத் துகள் சுவரை மேலிருந்து கீழாகக் கீறும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டர் சுவரிலேயே துளைகள் இருக்கின்றன. உடைந்த ரிங்கின் முனை அந்தத் துளையில் மாட்டினால் பிஸ்டனும் போச்சு, சிலிண்டரும் போச்சு. எதுவும் ஒட்டாமல் சுலபமாகச் சுற்றினாலும் எண்ணெய் வற்றிய பேரிங்கை வறட்சியாகச் சுற்ற வேண்டிய அவசரம் என்ன?

என்னிடம் வந்தது 1974 மாடல் யெஸ்டி 250, பி வகை. உறவினர் ஒருவர் வீட்டின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே நின்றது. ஆர்.சி. புத்தகம் இருந்தது, இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதோடு பொருந்தின. வாங்க முடிவு செய்ததே அதனால்தான். இன்ஜினை எப்படியும் சரிசெய்துவிடலாம், தொலைந்த ஆர்.சி.யோடு அலைவது தனி நரகம்.

யெஸ்டி பற்றித் தெரியாத இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் மைசூரில் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனம், செக் நாட்டு ஜாவா வண்டிகளை 1960-களின் தொடக்கத்திலிருந்து இங்கேயே தயாரித்தது. 1973-லிருந்து அதே பரம்பரை வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. 2022-ல் யெஸ்டி என்ற பெயர் திரும்ப வந்தாலும், அந்தப் புது வண்டிகளுக்கும் இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் உறவில்லை. அதனால் கம்பெனி உதிரிபாகம் என்று கேட்டுக்கொண்டு எங்கும் போக முடியாது. ஆனாலும் பழைய வண்டியில் கை பழக நினைப்பவருக்கு இதைவிட நல்ல இன்ஜின் அமைவது கடினம். வால்வு கிடையாது, கேம் கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது. சிலிண்டர் ஹெட் என்பது நாலு நட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும் ஒரு மூடி. ஒரே சிலிண்டர்தான், ஆனால் இரண்டு சைலன்சர். கியர் மாற்றும் லீவரையே உள்பக்கமாக அழுத்தி மேலே திருப்பினால் அதுதான் கிக்கர். இவ்வளவு சிக்கனமாக யோசித்தவர்கள், வீட்டில் உட்கார்ந்து பிரித்து மாட்டவும் வசதியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க் பிளக் அதன் இடத்தில் இருக்கிறதா என்று. யாராவது எப்போதோ பிளக்கைக் கழற்றிக்கொண்டு போயிருந்தால் அந்தத் துளை வழியாக மழையும் தூசியும் குளவியும் உள்ளே குடியேறியிருக்கும், அந்த இன்ஜினின் விலையை வேறு மாதிரி பேச வேண்டும். என் வண்டியில் பிளக் இருந்தது. கழற்றி டார்ச் அடித்தால், பிஸ்டன் பாதி உயரத்தில் நின்றது. அதற்கு மேலே சிலிண்டர் சுவரில் காபிக்கறை போல ஒரு பழுப்பு வளையம். பின் சக்கரத்தைக் கியரில் போட்டு மெல்ல அசைத்தால் இம்மியும் நகரவில்லை. ஜாம்.

நல்ல செய்தி சங்கிலியிலிருந்து வந்தது. ஜாவா, யெஸ்டி பழைய வண்டிகளில் பின் சங்கிலி முழுவதும் தகரப் பெட்டிக்குள் மூடியிருக்கும். திறந்தால், கருத்துக் கெட்டியான கிரீஸுக்குள் சங்கிலி துருவே இல்லாமல் கிடந்தது. இன்றைய வண்டிகளில் இந்தப் பெட்டியை ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அழகு போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஜாமான பிஸ்டனை எடுக்க ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். டீசல், மண்ணெண்ணெய், கடையில் விற்கும் துரு ஸ்ப்ரே. எனக்குப் பிடித்தது பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் சரியாகக் கலக்காது, ஊற்றும்போதெல்லாம் குலுக்க வேண்டும். தீப்பொறி பக்கத்தில் இருக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிஸ்டன் கீழே இறங்கி நின்றால் துளைகள் திறந்திருக்கும், ஊற்றியதெல்லாம் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைக்கோ சைலன்சருக்கோ ஓடிவிடும், ரிங்கில் நிற்காது. அதனால் ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் ஓரத்தைச் சுற்றி ஒரு துணித்திரியை வைத்து அதை நனைத்துக்கொண்டே இருந்தேன். தினமும் கொஞ்சம். அப்புறம் ஊறட்டும் என்று விட்டுவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலருக்குப் பொறுமை போகிறது, சுத்தியலும் கட்டையும் வருகின்றன. அலுமினியப் பிஸ்டனின் நடு மண்டையில் சுத்தியல் அடி விழுந்தால் ரிங் நகர்வதற்கு முன் பிஸ்டன் பள்ளமாகும்.

அசைத்துப் பார்க்கக் கிக்கரை நாடவே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நாலாவது கியரில் வைத்து, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக இலேசாக ஆட்டினால் போதும். அந்தக் கியரில் நம் கை பலம் கிராங்குக்குப் போய்ச் சேரும்போது முரட்டுத்தனம் வராது, அதே நேரம் அசைவு வந்தால் உடனே விரலில் தெரியும். ஒரு காலையில் சக்கரம் நூல் அளவு கூடுதலாக நகர்ந்த மாதிரி இருந்தது. பிரமையோ என்று பிஸ்டன் விளிம்பில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு மறுபடி ஆட்டினேன். கோடு நகர்ந்தது. அதற்கப்புறமும் ஒரேயடியாகச் சுற்றிவிடாமல், நகர்ந்த தூரத்துக்குள்ளேயே எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி, துருவை ரிங்கே சுரண்டி எடுக்கும்படி விட்டேன்.

பிஸ்டன் விடுபட்டதும் அப்படியே மூடி ஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்று ஆசை வரும். கூடாது. சிலிண்டரை மேலே தூக்கிப் பார்க்கத்தான் வேண்டும். ரிங் அதன் பள்ளத்திலேயே கார்பனால் ஒட்டியிருக்கும், கம்ப்ரஷன் வராது. டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் பள்ளத்துக்குள் ஒரு சின்ன முளை இருக்கும். ரிங்கின் இரண்டு முனையும் அந்த முளைக்கு இருபுறமும்தான் உட்கார வேண்டும், அது சுழன்று துளைக்கு நேரே வந்துவிடக் கூடாது என்பதற்காக. மாட்டும்போது அந்த முளையைக் கவனிக்காமல் சிலிண்டரை இறக்கினால் புது ரிங் உடைவது நிச்சயம்.

பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கும் இணைப்புத் தண்டையும் இப்போதுதான் பார்க்க முடியும். அதைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்தால் ஆட்டமே இருக்கக் கூடாது, பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அது தேவையும்கூட. இந்த வித்தியாசம் தெரியாமல் பக்கவாட்டு ஆட்டத்தைக் காட்டி "கிராங்க் போச்சு சார்" என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. என் வண்டியில் மேல் கீழ் ஆட்டம் இல்லை. சிலிண்டரில் மட்டும் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குத் துருக்குழிகள். லேத்தில் கொடுத்துச் சிலிண்டரை உள்ளே கடைந்து, அதாவது போர் பண்ணி, அதற்கேற்றபடி துளி பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். செலவு பார்த்தால் இதை மிச்சம் பிடிக்கலாம்தான். ஆனால் இன்ஜின் திறந்திருக்கும்போது செய்யாததை மூடிய பின் செய்யப்போவதில்லை.

டேங்க் ஒரு தனிக் கதை. உள்ளே பெட்ரோல் என்று எதுவும் மீதமில்லை, வார்னிஷ் வாடைதான் அடித்தது. குலுக்கினால் துருத் தூள் சரசரவென்றது. நட்டும் சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்கும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, மூலையில் இருக்கும் துரு அப்படியே இருக்கும். சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி மின்சாரம் செலுத்தும் முறைதான் சுத்தமானது. பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்க்குக்கு, பாசிட்டிவ் உள்ளே தொங்கவிட்ட இரும்புக் கம்பிக்கு. கம்பி டேங்க்கைத் தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் கம்பிக்குப் பதில் டேங்க் கரையும். எவர்சில்வர் கம்பியைத் தொங்கவிடாதீர்கள், அதில் இருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கழுவிய உடனே சூட்டுக் காற்றில் உலர்த்தி, டூ டி (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான) ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் புதுத்துரு பூத்திருக்கும்.

பெட்ரோலைப் பற்றி எல்லோரும் கேட்பது, ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்காதா என்று. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே போய்விட்டது. ஈயம் காப்பாற்றியது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் வால்வு உட்காரும் இடத்தை. வால்வே இல்லாத யெஸ்டிக்கு அந்தக் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது எத்தனாலைப் பற்றி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், நாள்பட நின்றால் தண்ணீரோடு பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் அதில் ஊறி உப்பும். அதனால் பெட்ரோல் போகும் வழியில் இருந்த ரப்பரை எல்லாம் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டேன். வண்டி சில வாரம் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துகிறேன்.

இந்த வண்டியின் ஜிகோவ் கார்புரேட்டரில் அடைபட்டிருந்தது எதிர்பார்த்த இடம்தான், இன்ஜின் மெல்ல ஓடும்போது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட். ஊசித் துவாரத்தில் பச்சை நிறத்தில் கெட்டிப்பட்ட பிசின். ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். துவாரம் துளி பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும், அப்புறம் எந்தத் திருகைத் திருப்பியும் இன்ஜின் ஐடிலிங்கில் சீராக ஓடாது. கிளீனரில் ஊறப்போட்டு, பழைய ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை நுழைத்து, காற்று அடித்தால் வெளிச்சம் தெரிந்துவிடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினேன், உள்ளே திரவம் தளும்பும் சத்தம் கேட்டது. ஓட்டை. சூடான தண்ணீரில் அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து எந்த இடத்தில் குமிழி விடுகிறதோ அதுதான் ஓட்டை. உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுக்க ஆவியாக்கிய பிறகே ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைக்க வேண்டும். ஈயமும் அளவாக வைக்க வேண்டும், மிதவையின் எடை கூடினால் பெட்ரோல் மட்டமும் கூடும்.

மின்சாரத்தில் இந்த வண்டி 6 வோல்ட். கேலி செய்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள். அதே வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் ஓடுவதைப் போல இரண்டு மடங்கு மின்னோட்டம் இங்கே ஓடுகிறது. ஒரு இணைப்பு துருப்பிடித்திருந்தால் அதில் இழக்கும் வோல்ட்டும் இரண்டு மடங்கு, அதுவும் பாதி வோல்ட்டிலிருந்து. வெளிச்சம் மங்கல், ஸ்பார்க் மங்கல் என்று புலம்பும் பெரும்பாலான 6 வோல்ட் வண்டிகளில் குற்றம் டைனமோவில் இல்லை, பெயிண்டுக்கு மேல் முறுக்கிய எர்த் ஒயரில் இருக்கிறது. எர்த் பிடிக்கும் ஒவ்வொரு இடத்தையும் உலோகம் தெரியச் சுரண்டினேன். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்டின் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் வெள்ளைக் காகிதத்தை நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தேன். தேய்த்த தூள் மிஞ்சினால் அதுவே தடுக்கும். இடைவெளி 0.4 மி.மீ. கண்டன்சரைச் சோதிக்கவே இல்லை, மாற்றிவிட்டேன். குளிர்ந்த இன்ஜினில் ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் காலை வாரும் சாமான் அது. டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம் பார்க்க ஒரு சின்ன பல்பு போதும்: பாயிண்டுக்குக் குறுக்கே இணைத்தால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் அது எரியும்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் டேங்க்கை மாட்டவில்லை. ஹேண்டில்பாரில் சின்ன பாட்டில் ஒன்றைக் கட்டி, குழாய் இழுத்து, 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலந்து கொடுத்தேன். எங்கே ஒழுகினாலும் குழாயைப் பிடுங்கிவிடலாம். தீயணைக்க மணல் வாளி பக்கத்தில். கார்புரேட்டரில் இருக்கும் டிக்ளர் பொத்தானை அமுக்கியதும் பெட்ரோல் துளிர்த்தது. இப்போது மிதிக்கலாம். மிதித்தேன், இருமியது, நின்றது. மறுபடி மிதித்தேன். பிடித்துக்கொண்டது. தெருவே தெரியாதபடி புகை, சைலன்சர்களில் ஊறியிருந்த பழைய எண்ணெய் முழுவதும் எரிந்து தீர வேண்டுமே.

ஆனால் சந்தோஷப்பட விடவில்லை. ஆக்சிலரேட்டரை முழுக்க விட்ட பிறகும் இன்ஜின் வேகம் தானாக ஏறிக்கொண்டே போனது. சாவியைத் திருப்பி நிறுத்தினேன். கேபிள் மாட்டிக்கொண்டிருக்கும் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். கேபிள் சரியாக இருந்தது. இது காற்றுக் கசிவு. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அதுதான் பெட்ரோலையும் காற்றையும் உள்ளே இழுக்கிறது. கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல் கெட்டால் அந்தப் பம்ப் வேறு இடத்திலிருந்தும் இழுக்கத் தொடங்கும். யெஸ்டியில் வலப்பக்கம் டைனமோ. அந்தச் சீல் கெட்டால் உள்ளே வருவது வெறும் காற்று: பெட்ரோல் விகிதம் குறையும், வேகம் ஏறும், சூடு ஏறும், கவனிக்காவிட்டால் பிஸ்டன் உருகும். இடப்பக்கம் கிளட்ச்சும் பிரைமரி சங்கிலியும் எண்ணெயில் நனைந்திருக்கும். அந்தச் சீல் கெட்டால் வருவது கியர் ஆயில். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வெண்புகை நிற்காது, கியர் பாக்ஸில் எண்ணெய் மட்டும் மாயமாகும்.

டைனமோ மூடியைத் திறந்து, இன்ஜின் மெல்ல ஓடும்போது சீல் இருக்கும் பக்கம் கொஞ்சம் ஸ்ப்ரே அடித்தால் சத்தம் மாறும் என்பது வழக்கமான சோதனை. பாயிண்ட் பொறி பறக்கும் இடத்தில் பற்றி எரியும் திரவத்தை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. பழகிய மெக்கானிக் ஒருவரைக் கேட்டேன். "அது அம்பது வருச ரப்பருங்க, தம்பி. சோதனை பண்ணி என்ன பண்ணப்போறீங்க? ரெண்டையும் மாத்துங்க" என்றார். மாற்றினோம். கழற்றிய வலப்பக்கச் சீலின் உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது, நகத்தால் மடக்கினால் ஒடிந்தது. புதுச் சீலோடு ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் பணிவாக இறங்கி ஐடிலிங்கில் நின்றது. நின்ற வண்டிகளில் நாம் இரும்பைப் பார்த்துப் பயப்படுகிறோம். இரும்புத் துரு கண்ணுக்குத் தெரியும், வைத்தியமும் உண்டு. உள்ளே விறைத்துப்போன ரப்பர்தான் பாதி வழியில் இறக்கிவிடும்.

பிரேக், டயர் விஷயத்தில் நீட்ட வேண்டியதில்லை: எல்லாம் மாற்ற வேண்டும். டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது, யோசிக்காமல் கழற்றுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம் தூசியை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

காகித வேலையில் இந்த வண்டிக்கு வயது உதவுகிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர வாகனத்தை விண்டேஜ் என்று பதியலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும்தான். எனக்கு வண்டி காட்சிப்பொருளாக வேண்டாம். சாதாரணமாகவே எஃப்.சி. காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளும் வழியைத்தான் எடுத்தேன்.

பார்ப்பவர்கள் எல்லோரும் பெயிண்ட் எப்போது என்கிறார்கள். முதலில் பெயிண்டும் குரோமும் போட்டுப் பளபளக்க வைத்து, இன்ஜினைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் நிறைய. பாதிப் பேரின் வண்டி அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது, பணமும் உற்சாகமும் சேர்ந்து தீர்ந்துபோகும். மைசூரில் அடித்த பெயிண்ட் டேங்க்கில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது, மெழுகு தேய்த்தால் போதும். இப்போது என் கவனம் இடப்பக்கச் சைலன்சரில். வலப்பக்கத்தை விட அதில் புகை குறைவாக வருகிறது, கை வைத்துப் பார்த்தால் காற்றும் குறைவு. உள்குழாய் கார்பனால் அடைத்திருக்கிறது. அதை உருவி எடுத்துச் சுட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், நட்டு வர மறுக்கிறது. துரு எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது.